ரேகை விழுந்த மத்தியானம்

பத்து விரலும் பத்திரமாக இருந்தன. ரேகையைத்தான் காணோம்.

பச்சை வெளிச்சம் கசியும் அந்தக் கண்ணாடித் தட்டின் மேல் வலது கையின் நான்கு விரல்களையும் வைத்தபடி அவள் நின்றாள். திரையில் நான்கு வெள்ளைக் கறைகள் தெரிந்தன. விரல் மாதிரியே இல்லை, யாரோ மாவைச் சிந்திவிட்டுத் துடைக்காமல் போனது போல் இருந்தது. இயந்திரம் ஒரு முறை முனகிவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

கவுண்டருக்குள் உட்கார்ந்திருந்தவன் அந்த ஊர் மொழியில், மறுபடி வையுங்கள் என்றான். வைத்தாள். அழுத்தாதீர்கள் என்றான். கையைத் தளர்த்தினாள். கொஞ்சம் அழுத்துங்கள் என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அழுத்துன்னா அழுத்துறேன், வேணாம்னா விடறேன்... முதல்ல இவனுக்கு என்ன வேணும்னு இவனே ஒரு முடிவுக்கு வரட்டும்" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள்.

வெளிநாட்டில் தாய்மொழியில் திட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு. வயிற்றெரிச்சலும் தீரும், வம்பும் வராது. இத்தனை வருஷமாக அதை நம்பித்தான் அவள் பஸ் டிரைவர் முதல் பாங்க் மேனேஜர் வரை எல்லோரையும் திட்டிவந்தாள்.

"எனக்கு உங்க ரேகைதாங்க வேணும்" என்றான் அவன், சுத்தமான தமிழில்.

அவள் தலை நிமிர்ந்தாள். அதுவரை அவனை ஒரு கழுத்துப்பட்டையாகவும் அடையாள அட்டையாகவும்தான் பார்த்திருந்தாள். இப்போதுதான் முகம் தெரிந்தது. சிரிக்கக் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு போட்டும் கேட்காத கண்கள்... உதடு மட்டும் உத்தியோகத்துக்கு மரியாதை கொடுத்து மூடியிருந்தது.

"சாரி சார்... நான் மெஷினைத் திட்டினேன்" என்றாள்.

"மெஷினை யாரும் 'இவன்'னு சொல்ல மாட்டாங்களே" என்றான் அவன். அப்புறம் அடுத்த கையை வைக்கச் சொன்னான். அதுவும் விழவில்லை.

அவள் யார், அந்த ரேகைக்கு ஏன் அத்தனை அவசரம் என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அவள் அந்த ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் பிரிவில் நர்ஸ். பிழைக்க வந்த தேசம் ஒன்று. கூடப் பிறந்த ஒரே தங்கை கல்யாணமாகிப் போன தேசம் வேறொன்று. இந்த ஊர்க்காரர்கள் அங்கே போக வேண்டுமானால் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவது போல் போய்வருவார்கள். அவள் இங்கே குடியிருக்கும் வெளிநாட்டுக்காரி. அவளுக்கு விசா வேண்டும். குடியிருப்பு அட்டை, ஆஸ்பத்திரியின் விடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, காப்பீடு, திரும்பி வரும் டிக்கெட், தங்கையின் அழைப்பு, சிரிக்காத போட்டோ... எல்லாம் சேர்ந்து கல்யாண ஜவுளி மூட்டை கனத்துக்கு ஒரு ஃபைல் ஆகியிருந்தது. எல்லாம் இருந்தும் பத்து விரல் பதியாவிட்டால் விண்ணப்பமே கிடையாது.

தங்கைக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. போன முறை தங்கிய கரு ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போயிருந்தது. இந்த முறை மாப்பிள்ளை கப்பலில். நடுக்கடலிலிருந்து நினைத்த நேரத்துக்கு இறங்கி வர முடியாது. அம்மா, இவர்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகும்போதே போய்விட்டாள். தங்கை தினமும் போனில் ஒன்றைத்தான் சொல்வாள். 'அக்கா, நீ என் பக்கத்துல நின்னா போதும், எனக்குப் பயமே இருக்காது.' ஊரார் பிள்ளைகளை எல்லாம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறவள், உடன்பிறந்தவள் பிள்ளைக்கு எட்டாமல் போய்விடுவாளோ என்று அவளுக்கு ராத்தூக்கமே இல்லை.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவன் கேட்டான். சொன்னாள். எந்தப் பிரிவு என்றான். அதையும் சொன்னாள். அவன் கண்ணில் இருந்த குறும்பு சட்டென்று அடங்கியது.

"அவ்வளவு சின்னக் குழந்தைங்களையா... இந்தக் கையாலயா?" என்று மெதுவாகக் கேட்டான்.

கண்ணாடியில் இன்னும் எடுக்காமல் இருந்த அவள் விரல்களை அவன் பார்த்த பார்வையில் அவளுக்கே கூச்சமாகிவிட்டது. வறண்டு, நுனி வெளுத்து, நகத்தை ஒட்ட நறுக்கின விரல்கள். ஒரு குழந்தையைத் தொடுமுன் முழங்கை வரை கழுவ வேண்டும், அப்புறம் கிருமிநாசினி தேய்க்க வேண்டும். அடுத்த குழந்தைக்குப் போகுமுன் மறுபடி. வருஷக்கணக்காக இப்படிக் கழுவிக் கழுவியே ரேகை தேய்ந்துவிட்டது என்று அவன் விளக்கினான். கையைக் கொஞ்ச நாள் தண்ணீரும் மருந்தும் படாமல் வைத்திருங்கள், க்ரீம் போடுங்கள், திரும்ப வரும் என்றான். இனி வரும் முன்பதிவு நேரம் எல்லாம் நிரம்பியிருக்கிறது, ஆனால் வர முடியாதவர்கள் ரத்து செய்யும் இடங்கள் விடியற்காலையில் இணையத்தில் திறக்கும், அப்போது பாருங்கள் என்று வழியும் சொன்னான்.

"சரி, போய்..." என்று தொடங்கி, வழக்கப்படி 'சிஸ்டர்' என்று கூப்பிட வாயெடுத்தவன், என்னவோ தோன்றி அதை விழுங்கிவிட்டு, "போய்ட்டு வாங்க மேடம்" என்று முடித்தான்.

தமிழ்நாக்குள்ள எவனும் நர்ஸைப் பார்த்தால் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். இவன் மட்டும் ஏன் நிறுத்தினான் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனாள். யோசிக்க யோசிக்கக் காது சூடானது. சீ, உனக்கு இருக்கிற கவலை போதாதா என்று தன்னையே அதட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அன்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் முறை இருந்தது. பிரிவில் புதிதாக ஒரு பொடியன் வந்திருந்தான். பெற்றவர்கள் இன்னும் பேர் வைக்கவில்லை. இவள் குருவி என்று கூப்பிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே ஒரு கையகலத்துக்குப் படுத்திருந்தான். வெளிச்சத்தைச் சரிசெய்யும்போது அவன் உள்ளங்கை விரிந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எள்ளளவு விரல்நுனி... அதில் வரி வரியாக ரேகை ஓடியிருந்தது. பால் குடிக்கத் தெரியாது, மூச்சு விடவே இன்னொருத்தர் சொல்லிக்கொடுக்க வேண்டும், இந்த உலகத்தில் இன்னும் ஒரு பொருளையும் தொட்டதில்லை. அதற்குள் இவன் இன்னாரென்று எவனோ சுழித்துச் சுழித்து எழுதி அனுப்பியிருக்கிறான். எத்தனையோ குழந்தைகளைத் தூக்கியிருக்கிறாள். இதை மட்டும் இத்தனை நாள் பார்க்கத் தோன்றவில்லை. பார்க்க வைத்தவன் ஒரு விசா ஆபீஸ்காரன். கண் கலங்கிப்போனதில் கண்ணாடி மங்கியது, துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

தலைமை நர்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, சேர்ந்து கிடந்த ஓய்வு நாட்களை எல்லாம் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அதன் பிறகு வீட்டில் அவள் மகாராணி. பாத்திரம் தேய்ப்பதில்லை, துணி அலசுவதில்லை. விரலெல்லாம் க்ரீம் பூசிப் பருத்தி உறையை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து அறைப் பெண், கையில் என்ன மருதாணியா என்று கேலி செய்தாள். உறையைக் கழற்றிக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வாள். ஒருநாள், கட்டைவிரலில் மெல்லிசாக ஒரு சுழி எட்டிப்பார்த்தது. இதை அவனிடம் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் தங்கை ஞாபகம் வந்தது. குற்ற உணர்ச்சியில் உடனே தங்கைக்குப் போன் போட்டுப் பேசினாள்.

விடியற்காலையில் காத்திருந்து காத்திருந்து, யாரோ கைவிட்ட ஓர் இடத்தைப் பிடித்தாள். கிளம்பும்போது மயில்கழுத்து நிறத்தில் ஒரு சுடிதாரை எடுத்து உடுத்திக்கொண்டாள். விரல் பதிய வைக்கப் போகிறவளுக்கு எதற்கு மயில்கழுத்து என்று பக்கத்து அறைப் பெண் கேட்பதற்குள் படி இறங்கிவிட்டாள்.

விசா ஆபீஸில் அதே வரிசை நாற்காலிகள், போனை வாங்கி வைத்துக்கொள்ளும் அதே காவலாளி. அவள் எண் வந்தபோது கவுண்டரில் அதே அவன். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் தெரிந்த வெளிச்சம் குழல்விளக்கினுடையது இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பருத்தி உறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். கண்ணாடித் தட்டு ஈரத்துணியால் துடைக்கப்பட்டுத் தயாராக இருந்தது.

அங்கேதான் நடந்தது அந்த அநியாயம்.

கவுண்டர் விளிம்பில், வருகிறவர்கள் உபயோகத்துக்கென்று கிருமிநாசினி பாட்டில் ஒன்று இருந்தது. அவள் கண் அதைப் பார்த்தது, கை அதை அமுக்கியது. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு... பிரிவில் ஒரு குழந்தையைத் தொடுமுன் செய்வது போல ஒன்று விடாமல் தேய்த்து முடித்தாள். மனசு அதில் இல்லவே இல்லை. பழக்கம் தானாகவே வேலையை முடித்துவிட்டது. ஐயோ வேண்டாம் என்று அவன் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து கையை உயர்த்தியதை அவள் பார்க்கும்போது காரியம் கெட்டிருந்தது.

விரல்கள் காய்ந்து வெளுத்துப் பளிச்சென்று இருந்தன. வைத்தாள். நான்கு மாவுக் கறைகள்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. மேஜையில் குனிந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பின்னால் நின்ற வரிசை முழுக்க எட்டிப்பார்த்தது.

அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. எத்தனை நாள் தவம்... எத்தனை விடியற்காலை... ஃபைலை வாரி எடுத்தாள்.

"இங்க உட்கார்ந்து எத்தனை பேர் கண்ணீரைப் பார்த்தீங்களோ, உங்களுக்கு மரத்துப் போச்சு. எனக்கு இது என் தங்கச்சி உயிர். நல்லா சிரிங்க."

அவன் சிரிப்பு அறுந்தது. கொஞ்சம் உட்காருங்கள், நான் சொல்வதைக் கேளுங்கள் என்று எழுந்தான். யார் கேட்டார்கள்? கோபம் வந்தவள் காதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவள் மாதிரிதான். மாடிப்படியில் தடதடவென்று இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள்.

வெளியே மழை. குடை இல்லை. எதிரே இருந்த பஸ் நிழற்குடைக்கு ஓடி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் பஸ் வந்தது. ஏறவில்லை. இன்னொன்றும் வந்து போனது. கோபம் வடிய வடிய, தான் செய்த காரியம் உறைத்தது. அரும்பாடுபட்டுக் கிடைத்த நேரத்தை ஒருத்தன் சிரித்தான் என்பதற்காக உதறிவிட்டு வந்திருக்கிறாள். தங்கையிடம் என்ன சொல்வாள்? எனக்கு ரோஷம் வந்துவிட்டது, நீ தனியாகப் பெற்றுக்கொள் என்றா? முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மருந்து வாசனை அடித்த அந்தக் கைகளை அவளுக்கே பிடிக்கவில்லை.

"கோபம் என் மேலதானே? தங்கச்சி மேல இல்லையே?"

நிமிர்ந்தாள். மதியச் சாப்பாட்டு இடைவேளை போலிருக்கிறது. ஒரு கையில் குடை, கழுத்தில் நனைந்த அடையாள அட்டை. பெஞ்சின் மறுகோடியில், நடுவே இரண்டு பேர் உட்காரும் இடம் விட்டு அவன் உட்கார்ந்தான். உங்கள் டோக்கனை மூடவில்லை, மேலாளரிடம் சொல்லிவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன், சாயங்காலம் கவுண்டர் அடைக்கும் வரை அதற்கு உயிர் இருக்கிறது என்றான்.

சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டான். சும்மா கேட்கவில்லை, காரணத்தையும் சொன்னான். அவன் அம்மாவும் ரேகை இல்லாதவளாம். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலையில் வேலை. அந்த ஓட்டுப்பால் பட்டுப் பட்டு விரல்நுனியெல்லாம் வெந்து வழுவழுத்துவிட்டதாம். மகனைப் பார்க்க இந்த ஊருக்கு வரவேண்டும் என்று அவளும் இதே மாதிரி ஓர் ஆபீஸில் போய் நின்றிருக்கிறாள். போகும்போதெல்லாம் சிவப்பு விளக்கு. திரும்பி வந்து போனில் அவள் அழவே இல்லை, விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

"'எல்லாம் கொடுத்த சாமி கடைசியில என் கையில கோடு போட மறந்துட்டாண்டா'ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. அன்னிலேருந்து மெஷின் சிவப்பு காட்டினாலே எனக்கு அவங்க சிரிப்புதான் ஞாபகம் வருது. உங்க முகத்தைப் பார்த்ததும்... அடக்க முடியலை. தப்புதான்."

அவளுக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அம்மா வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"வந்தாங்க. ஒரு மாசம் இருந்தாங்க. தினமும் கடைவீதிக்குப் போய் எஸ்கலேட்டர்ல ஏறி இறங்கி, ஏறி இறங்கி... சொர்க்கத்துக்குப் படி இப்படித்தாண்டா இருக்கும்னாங்க."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ரேகை எப்படி விழுந்தது என்று அவள் கேட்டாள். அவன் சொல்ல ஆரம்பித்துவிட்டுத் தயங்கினான். காய்ந்த விரலுக்கு வேண்டியது சூடும் துளி வேர்வையும்தான். கடைசித் தடவை போனபோது அவன் அக்கா, முறை வரும் வரை அம்மாவின் இரண்டு கையையும் தன் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம்.

"அவ்வளவுதான். விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு அவன் குடையின் கைப்பிடியைப் பார்த்தான். அவள் தன் செருப்பைப் பார்த்தாள்.

மழை கொட்டியது. நிழற்குடைத் தகரத்தில் அதன் சத்தம் மட்டும்தான். இங்கே அவளுக்கு அக்கா ஏது, அம்மா ஏது... யார் கையைக் கேட்பாள்? மனசுக்குள் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்ப்பது தெரிந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. நடுவில் இருந்த இடத்தில் ஒரு பாதியை நகர்ந்து கடந்தாள். மறுபாதியை அவன் கடந்தான்.

கைகளை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான்.

எத்தனையோ ஆயிரம் பேருக்கு விரலை எங்கே வைப்பது என்று காட்டிய கை அது. இப்போதுதான் ஒருத்தியின் விரல்களைப் பொத்திக்கொண்டது. அப்புறம் சூடு வந்தது... விரல்நுனியில் ஆரம்பித்து, மணிக்கட்டில் ஏறி, முழங்கை தாண்டி, நெஞ்சுக்குள் வந்து நின்றது. நாள் முழுக்க மற்றவர்களைத் தொட்டுத் தூக்கிச் சுமந்து வாழ்கிறவள் அவள். தன் கையை ஒருத்தர் வாங்கி வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்துப்பார்த்தாள், நினைவுக்கு வரவில்லை. இப்படி ஒரு விஷயம் உலகத்தில் இருப்பதையே மறந்து போயிருந்தாளே... பெட்டிக்குள் கிடக்கும் குருவி மாதிரிக் குழந்தைகள் தன் விரலைப் பிடித்ததும் மூச்சு சீராவதை அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள். அது ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

ஒரு பஸ் வந்து நின்று, இவர்கள் ஏறுவார்களா மாட்டார்களா என்று பார்த்துவிட்டு, அலுத்துப்போய்க் கிளம்பியது.

"உங்களுக்குச் சாப்பாட்டு நேரம் போகுதே" என்றாள் கடைசியில்.

"சாப்பாடு நாளைக்கும் கிடைக்கும்" என்றான்.

இடைவேளை முடிந்து மேலே ஏறினார்கள். அவன் குடை முழுக்க அவள் மேல் இருந்ததால் அவன் ஒரு பக்கம் தொப்பலாக நனைந்திருந்தான். கைகளைச் சால்வைக்குள் பொத்திக்கொண்டு அவள் நேராக அவன் கவுண்டர் முன்னால் போய் நின்றாள். அவன் உள்ளே போய் உட்காரவில்லை. பக்கத்துக் கவுண்டரைக் காட்டினான். அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தாள், இந்த ஊர்க்காரி.

"உங்க ரேகையை அவங்க எடுப்பாங்க. நான் எடுக்கக் கூடாது."

"ஏன்? இன்னும் கோபமா?"

"இல்ல... ரூல் அப்படி. வேண்டப்பட்டவங்களுக்கு நாங்க எடுக்கக் கூடாது."

"நான்... உங்களுக்கு எப்படி..."

"காலையில வரைக்கும் எடுத்திருக்கலாம்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "இப்ப முடியாது."

எப்படியோ பக்கத்துக் கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த அம்மாள் அவளையும் பார்த்தாள், பாதி நனைந்த தன் சகாவையும் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் தட்டைக் காட்டினாள்.

அவள் விரல்களை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

முனகல் இல்லை. சின்னதாக ஒரு மணிச்சத்தம். கண்ணைத் திறந்தபோது திரையில் நான்கு விரல்கள் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றன. சுழி மேல் சுழி, வளைவுக்குள் வளைவு, நடவு முடிந்த வயலை மேட்டில் நின்று பார்க்கிற மாதிரி... இதெல்லாம் என்னிடமா இருந்தது? பிறந்ததிலிருந்து கூடவே வந்த கையை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். அம்மா வயிற்றில் இருந்தபோதே எழுதினது. கழுவிக் கழுவித் தேய்த்தும் அடியில் அழியாமல் கிடந்திருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் ஒரு காகிதத் துவாலையை எடுத்து நீட்டினாள். கையைத் துடைப்பதற்கு இல்லை, கண்ணைத் துடைப்பதற்கு.

மற்ற விரல்களும் பதிந்தன, விண்ணப்பம் போயிற்று. ஆனால் கதை அதோடு முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்து, அவள் பிரிவில் இருந்தபோது தூதரகத்திலிருந்து போன் வந்தது. சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார்கள். அவள் வெளி வராந்தாவுக்குப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்ததைப் பார்த்துத் தலைமை நர்ஸ், மறுத்துவிட்டார்களா என்று பதறினாள். இல்லை, இன்னும் தெரியாது என்று மட்டும் சொன்னாள். அவனிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவனும் ஆஸ்பத்திரிப் பக்கம் வந்து தொந்தரவு செய்யவில்லை. வேண்டப்பட்டவர்களின் ஃபைல் எங்கே இருக்கிறது என்றுகூட எட்டிப்பார்க்காத மனுஷன் அவன்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது, வாங்கிக்கொள்ளலாம் என்று செய்தி வந்தது. போய் வாங்கினாள். உறையைப் பிரிக்கும் தைரியம் வரவில்லை. எதிர்ப்பக்கத்து நிழற்குடைக்குப் போய் உட்கார்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டு பிரித்தாள். பளபளவென்று விசா ஒட்டியிருந்தது. தேதியைப் பார்த்தாள். பிரசவத்துக்கு முன்பே போய் இறங்கலாம். அங்கேயே தங்கைக்குப் போன் செய்தாள். "வரேண்டி" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அவளாலும் பேச முடியவில்லை, அந்தப் பக்கமும் விசும்பல்தான் கேட்டது.

மதிய இடைவேளைக்கு அவன் இறங்கி வந்தான். அவளைப் பார்த்ததும் தெரு நடுவிலேயே நின்றுவிட்டான். ஒரு சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே போனார். ஓடி வந்தவனிடம் விசாவைக் காட்டினாள். அவன் அதைத் தொடாமல், குனிந்து பார்த்தான். தினம் தினம் பார்க்கிற காகிதம்தான். சாமி படத்தைப் பார்ப்பது போல் பார்த்தான்.

"தூதரகத்துல போன் பண்ணாங்க. உங்ககிட்ட சொல்லலை" என்றாள்.

என்ன கேட்டார்கள் என்றான் கவலையாக.

"திரும்பி வருவேன்னு என்ன நிச்சயம்னு கேட்டாங்க. இங்க வீடு இருக்கான்னாங்க, வாடகை ரூம்னு சொன்னேன். புருஷன், குழந்தைன்னாங்க, இல்லைன்னேன். வேலைன்னா நர்ஸுக்கு எங்கேயும் கிடைக்கும், தங்கச்சி வேற அங்க இருக்கா, அப்படியே தங்கிட மாட்டீங்களான்னாங்க..."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் பாஸ்போர்ட்டின் மூலையை நீவினாள். மழை இல்லாத நாள் அது. ஒதுங்கி நின்றுகொள்ள ஒரு சாக்குகூட இல்லை.

"இங்க ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட திரும்பி வருவேன்னு சொன்னேன்."

பாஸ்போர்ட்டை மூடினாள்.

"அவருக்கு இது தெரியுமான்னு கேட்டாங்க. இன்னும் சொல்லலைன்னேன். அப்புறம், 'கிளம்புறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க..." அவள் நிமிர்ந்தாள். "அதான் சொல்ல வந்தேன்."

வரிசையில் நிற்கிறவர்களுக்கு நாள் முழுக்க மூன்று மொழியில் உத்தரவு போடுகிறவனுக்கு ஒரு மொழியும் வாயில் வரவில்லை. கண் இரண்டும் நிறைந்து, அதை மறைக்கவும் தெரியாமல் நின்றான். அவனையும் அறியாமல் அவன் கை நெஞ்சைத் தொட்டுக்கொண்டது. தன்னால் ஒரு மனுஷனை இப்படி ஆக்க முடியுமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

"போய்ட்டு வாங்க" என்றான் கடைசியில்.

நம் மக்கள் வாசலுக்கு வாசல், நாளுக்குப் பத்து முறை சொல்கிற வார்த்தை. அவளும் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். சொன்னவர் உண்மையிலேயே காத்திருக்கப்போகிறார் என்று தெரிந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

"வரேன்" என்றாள்.